வண்டியக்காவின் எரியாத விளக்கு

ஒரு விளக்கு எரியவில்லை என்பதற்காக நீங்கள் என்றைக்காவது பயந்ததுண்டா? இருக்காது. எரிகிற விளக்கைப் பார்த்துத்தான் நமக்கெல்லாம் பயம். சிவப்பு எரிந்தால் நிற்கிறோம். ஆரஞ்சு எரிந்தால் யோசிக்கிறோம். எதுவுமே எரியாவிட்டால் எல்லாம் நலம் என்று பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இருட்டாக இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிப் புள்ளியை நம்பச் சொல்லி நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

கேட்காமல் நம்பிய ஒருவரின் கதை இது. அவர் அசட்டையான ஆள் இல்லை. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் பக்கம்கூடப் போகாதவர். அப்படிப்பட்டவரையும் அந்த விளக்கு ஏமாற்றியது என்பதுதான் இன்றுவரை என்னால் செரிக்க முடியாத விஷயம்.

அவருடைய பெயர் அந்தப் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. வண்டியக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். வண்டி வருவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் உதவியாளராக இருந்தார். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை எந்திரத்துக்குள் அனுப்பி, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுகிற இடம் அது. விரிப்பு மாற்றுவது, வாளி எடுப்பது, குளிரில் வெடவெடக்கும் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்வது, கடைசியில் ஊசி எடுத்த கையில் பஞ்சு வைத்து டேப் ஒட்டுவது எல்லாம் அவர் வேலை.

அந்த டேப்பை அவர் ஒட்டுவதில் ஒரு தனி முறை இருந்தது. நுனியை நகத்தளவு உள்பக்கமாக மடித்துவிட்டு ஒட்டுவார். மடிப்பு இருந்தால் நோயாளி வீட்டுக்குப் போய் அதைப் பிடித்து மெதுவாக உரித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சுரண்டி எடுக்க வேண்டும், வீங்கிப்போன தோல் கூடவே வரும். நர்ஸுகளே "நீயே ஒட்டிடு, உன் கை பட்டாத்தான் இவங்களுக்குத் திருப்தி" என்று விட்டுவிடுவார்கள். அந்த மடிப்பு அவரோடு வீட்டுக்கும் வந்தது. மருந்து டப்பா, கிழிந்த பாடப்புத்தகம், உடைந்த ரிமோட், எதில் டேப் ஒட்டினாலும் நுனி மடிந்திருக்கும். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, அவர் வளர்த்து ஆளாக்கிய தம்பிக்கும் அது தொற்றிக்கொண்டது. தம்பி வாகன எலெக்ட்ரீஷியன். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் பெரிய யார்டு ஒன்றில் வயரிங் வேலை.

மேட்டுக் குடியிருப்பிலிருந்து வார்டுக்கு வர வேண்டியவர்கள் பலமுறை வராமல் போனார்கள். பஸ் வரவில்லை, வந்தாலும் ஏற முடியவில்லை. முறை தவறியவர்கள் அடுத்த தடவை மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு வந்தார்கள். சிலர் வரவே இல்லை. காலியான படுக்கையின் விரிப்பை அன்றைக்கும் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மாற்றி மாற்றி வெறுத்துப்போய்த்தான் அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆம்புலன்ஸ் டிரைவர்தான் குரு. "நீ கிளட்சை மிதிக்கிறியா, கரப்பான்பூச்சியை மிதிக்கிறியா?" என்று திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்தார். அவர் சொன்ன முதல் பாடம் இது: "சாவியைப் போட்டதும் எல்லா விளக்கும் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் அணையணும். அணைஞ்சா வண்டிக்கு உடம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்."

வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் வண்டி வாங்கத் தம்பியின் யார்டுக்கே போனார். வேறு எங்கே போவார்? முதலாளியைப் பாலிஷ்காரர் என்பார்கள். துருப்பிடித்த தகரத்தையும் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்துவிடுவார். அவர் காட்டியது ஒரு கறுப்பு டீசல் வண்டி. மூன்று வரிசை இருக்கை, உயரமான சக்கரம், எருமை மாதிரி முன்பக்கம்.

"இதுல மலையே ஏறலாம்மா. என் தங்கச்சிக்கா இருந்தா இதைத்தான் கொடுப்பேன்."

"உங்க தங்கச்சி எதுல போறாங்க?"

"அவ புது வண்டி வச்சிருக்கா" என்று பாலிஷ்காரர் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அக்காவும் சிரித்துவிட்டுச் சாவியைப் போட்டார். எல்லா விளக்கும் எரிந்தன. ஸ்டார்ட் செய்தார். எல்லாம் அணைந்தன. பாடத்தின்படி வண்டிக்கு உடம்பு நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து மேட்டுக் குடியிருப்பு நோயாளிகளை வார்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் அக்காவின் வேலை. தினமும் காலையில் அதே சடங்கு. சாவியைப் போட்டு, மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குகள் எரிவதை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "எல்லாரும் வந்தாச்சு." ஸ்டார்ட் செய்வார். "எல்லாரும் போயாச்சு." பின் வரிசையிலிருந்து டெய்லர் சொல்வார்: "விளக்குக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கற. எங்களுக்கும் எடு, எவனாவது குறைஞ்சிருக்கப் போறான்."

டெய்லர்தான் அந்த வண்டியின் வாய். ஏறுகிற எல்லாரையும் கண்ணாலேயே அளந்துவிடுவார். கணக்கு டீச்சரைப் பார்த்து, "டீச்சர், போன வாரத்தைவிட இடுப்புல ஒரு இஞ்ச் தண்ணி ஏறியிருக்கு. டாக்டர்கிட்ட மறைச்சாலும் என்கிட்ட மறைக்க முடியாது" என்பார். ஓய்வுபெற்ற டீச்சருக்குக் கோபம் வரும், ஆனால் அளவு சரியாக இருக்கும். காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் அவருக்குக் கடைசி வரிசை முழுக்க ஒதுக்கீடு. எல்லா சீட்டுக்கும் உறை அவரே தைத்துக்கொடுத்தார்.

சில மாதங்களில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது.

சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போது திடீரென்று பலம் போய்விடும். ஆக்சிலேட்டரைத் தரையோடு அமுக்கினாலும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் கரும்புகை. ஓரங்கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பாயும். "வண்டிக்கும் டயாலிசிஸ் பண்ணணும் போல" என்றார் டெய்லர்.

அக்கா யார்டுக்குக் கொண்டுபோனார். கொண்டுபோகும்போது வண்டி சமர்த்தாக ஓடியது. யார்டு மெக்கானிக் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். "சத்தம் சுத்தமா இருக்கு. ஏதாவது விளக்கு எரியுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? என்ஜின்ல கோளாறுன்னா ஆரஞ்சு விளக்கு எரியுமே."

தம்பி பக்கத்தில்தான் நின்றான். டீசல் ஃபில்டரை மாற்றிக்கொடுத்தான். காற்று ஃபில்டரை ஊதிக்கொடுத்தான். "மேட்டுல கியரைக் குறைச்சு ஓட்டு" என்றான்.

அக்கம்பக்கத்தில் வேறு விளக்கம் தயாராக இருந்தது. ராசியில்லாத வண்டி. நம்பரைக் கூட்டினால் சரியாக வரவில்லை. பொம்பளை கையில் எருமை அடங்குமா? ஒருவர்கூட, "காற்றை அழுத்தி என்ஜினுக்கு அனுப்புகிற டர்போவின் குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்கவில்லை. ராசியை இதுவரை எந்த மெக்கானிக்கும் கழற்றிப் பார்த்ததில்லை. அதனால்தான் அது பழுதாவதும் இல்லை, யாரையும் பொறுப்பாக்குவதும் இல்லை. திருடனுக்கு அதைவிட வசதியான கூட்டாளி கிடையாது.

ஒருநாள் மத்தியானம், வார்டிலிருந்து திரும்பும்போது அது நடந்தது. பக்கச் சாலையிலிருந்து ஏறி நெடுஞ்சாலையில் சேர வேண்டிய சரிவு. முன் இருக்கையில் கணக்கு டீச்சர். கடைசி வரிசையில் டெய்லர் காலை நீட்டிக்கொண்டு, கிளம்பும்போது அக்கா கையில் ஒட்டிவிட்ட டேப்பின் மடிப்பைத் தடவியபடி அரைத்தூக்கத்தில். அக்கா கண்ணாடியைப் பார்த்தார். லாரி தூரத்தில்தான் வந்தது. தாராளமாகச் சேர்ந்துவிடலாம். இண்டிகேட்டரைப் போட்டு, சாலைக்குள் திருப்பி, ஆக்சிலேட்டரை மிதித்தார்.

வண்டி போகவில்லை.

நிற்கவும் இல்லை. தவழ்ந்தது. காலைத் தரையோடு அழுத்தினார். மீட்டர் பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. எல்லாம் நலம் என்றது பலகை. பின்னால் ஹார்ன் நீண்டது. டீச்சர் "என்னம்மா" என்றார். அவ்வளவுதான்.

டெய்லர் அந்த இடத்திலேயே போய்விட்டார். டீச்சருக்குக் கை முறிந்தது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தனக்குக் கீறல் இல்லாததை அவர் அன்றைக்கு ஒரு குற்றம் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

லாரிக்காரர் சொன்னார்: "நடுரோட்டுல திடீர்னு மெதுவாயிட்டாங்க." உண்மைதான். கூடியிருந்தவர்கள் சொன்னார்கள்: "பொம்பளை டிரைவர், பயந்துபோய் காலை எடுத்திருக்கும்." போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் நசுங்கிய பின்பக்கத்தைச் சுற்றிவந்து, முன்பக்கம் உட்கார்ந்து சாவியைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. ஸ்டார்ட் செய்தார். அணைந்தன. என்ஜின் சீராக உறுமியது. என்ஜினில் குறையில்லை, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. உயிரிழப்புக்கு வழக்கு.

அக்காவே அதை நம்பிவிட்டார். வீட்டில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்துவார். எடுப்பார். மறுபடி அழுத்துவார். அன்றைக்கு உண்மையிலேயே அழுத்தினோமா, பிரேக்கில் வைத்தோமா? தன் காலை அவர் சந்தேகப்பட ஆரம்பித்தார். ஒரு மனுஷியைத் தன் உடம்பின் சாட்சியையே நம்பவிடாமல் செய்வதைவிடப் பெரிய கொள்ளை என்ன இருக்கிறது?

டெய்லரின் மனைவி ஒருநாள் வந்தார். உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். உன் கால் தப்பா, வண்டி தப்பா? ரெண்டுல எதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல."

"தெரியலம்மா" என்றார் அக்கா.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு" என்று அந்த அம்மா படி இறங்கிப் போனார்.

தம்பி தினமும் வந்தான். சாப்பிடச் சொன்னான். "விடுக்கா, உன் நேரம் சரியில்ல. முதலாளி மனசு கேக்காம சொல்றாரு, நசுங்கின வண்டின்னாலும் பரவால்ல, நானே திருப்பி எடுத்துக்கறேன்னு. அந்த வண்டி இனிமே உனக்கு வேண்டாம்." அக்கா தலையாட்டினார். கையெழுத்துப் போட்டிருப்பார். கையில் கட்டோடு வந்த கணக்கு டீச்சர்தான் தடுத்தார்.

"ஒரு சாதாரணக் கணக்கு கேக்கறேன். வண்டியில குறையே இல்லன்னா நசுங்கின இரும்பைத் திருப்பி வாங்க ஒரு வியாபாரிக்கு என்ன அவசரம்?"

டீச்சரே தன் கைபேசியில் தேடி, அதே மாடல் வண்டியைப் பழையதாக வாங்கியவர்களின் குழு ஒன்றில் அக்காவைச் சேர்த்துவிட்டார். நடந்ததைச் சொல்லி ஒரு குரல் பதிவு போடச் சொன்னார். அக்கா தயங்கித் தயங்கிப் பேசினார். பதில் ஒன்றிரண்டு வரும் என்று நினைத்தார்கள். கொட்டியது.

பேக்கரிக்காரர் ஒருவர்: "எனக்கும் அதேதான் அக்கா. மேட்டுல போகும்போது யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்கும். ரொட்டி ஆறிப்போய்த்தான் போய்ச் சேரும்."

போட்டோக்காரர் ஒருவர்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். உங்களையும் அப்படிப் பண்ண முடியுமான்னு எங்க வீட்டம்மா கேக்கறாங்க."

இன்னும் பலர். பலம் போகிறது, புகை வருகிறது, குலுங்குகிறது, ஆயிலைக் குடிக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். இத்தனை கால்களும் சேர்ந்து பிசகியிருக்க முடியாது.

டீச்சர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். ஒரு விஷயம் உறைத்தது. வேறு இடங்களில் வாங்கியவர்கள் எல்லாரும், "ஆரஞ்சு விளக்கு எரிஞ்சுது, வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம், டர்போ குழாயை மாத்தினாங்க, சரியாச்சு" என்றார்கள். பாலிஷ்காரரிடம் வாங்கிய ஒருவருக்குக்கூட அந்த விளக்கு எரிந்ததில்லை. கோளாறு ஒன்றே. விளக்கு மட்டும் யார்டுக்கு யார்டு வேறா?

முடிச்சை அவிழ்த்தது ஒரு கோழிப்பண்ணையம்மா. அவரும் பாலிஷ்காரரிடம்தான் வாங்கியிருந்தார். "ஒருநாள் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற பெல்ட் அறுந்து பேட்டரி விளக்கு எரிஞ்சுது. கூடவே ஆரஞ்சும் எரிஞ்சுது. பெல்ட் போட்டதும் ரெண்டும் சேர்ந்து அணைஞ்சுது. இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஒண்ணு அழுதா இன்னொண்ணும் அழும்னு சிரிச்சேன். எங்க வொர்க்ஷாப்காரர் சிரிக்கல. பலகையைக் கழட்டிப் பாத்தாரு. ஆரஞ்சு விளக்கை என்ஜின் கம்ப்யூட்டர்லேருந்து அறுத்து, பேட்டரி விளக்கோட முடிச்சுப் போட்டிருக்கானுங்க."

புரிகிறதா? என்ஜினில் கோளாறு வந்தால் அதன் கணினி இரண்டு காரியம் செய்யும். என்ஜினைக் காப்பாற்றப் பலத்தைக் குறைக்கும். ஏன் குறைத்தேன் என்று ஓட்டுபவருக்குச் சொல்ல ஆரஞ்சு விளக்கை ஏற்றும். விளக்கைப் பிடுங்கி எறிந்தால் வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார், காலையில் எரிய வேண்டியது எரியாது. அதனால் எரிந்து அணையும் இன்னொரு விளக்கோடு அதைக் கட்டிப்போட்டார்கள். சாவி போட்டால் எரியும். ஸ்டார்ட் ஆனால் அணையும். ஒழுங்காக வாய்ப்பாடு ஒப்பிக்கும். உண்மையை மட்டும் சொல்லாது. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகள் கூண்டில் ஒரு குருவியைக் கொண்டுபோவார்கள். விஷக்காற்று வந்தால் குருவி முதலில் விழும், ஆட்கள் தப்பிப்பார்கள். கூண்டுக்குள் பொம்மைக் குருவியை வைத்து அனுப்பியவனை என்ன சொல்வீர்கள்?

டீச்சர் மனு எழுதினார். விசாரணை நாளில் போக்குவரத்து அலுவலகத்தின் சிமெண்ட் முற்றத்தில் அக்காவின் நசுங்கிய வண்டியும், கோழிப்பண்ணையம்மாவின் சரிசெய்யப்பட்ட வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அக்கா, டீச்சர், டெய்லரின் மனைவி. அக்காவுக்குத் துணையாகத் தண்ணீர் பாட்டிலோடு தம்பி. சற்றுத் தள்ளி, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாலிஷ்காரர்.

"நான்தான் ஏற்கெனவே பாத்தேனே" என்றார் ஆய்வாளர். "எல்லா விளக்கும் எரிஞ்சுது. எல்லாம் அணைஞ்சுது."

"எரிஞ்சுது சார், அணைஞ்சுது" என்றார் கோழிப்பண்ணையம்மா. "எரிய வேண்டிய நேரத்துல எரியுதான்னு பாத்தீங்களா? ரெண்டு வண்டியையும் ஸ்டார்ட் பண்ணி, காத்தை அளக்கற சென்சாரோட பிளக்கைப் பிடுங்குங்க. கம்ப்யூட்டருக்கு அது பெரிய கோளாறு. விளக்கு எரிஞ்சே ஆகணும்."

தம்பி முன்னால் வந்தான். "அக்கா, வேண்டாம். சென்சார் போயிடும்."

"போகட்டும்டா" என்றார் அக்கா. அப்போதும் அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

அலுவலக மெக்கானிக் முதலில் கோழிப்பண்ணையம்மாவின் வண்டியில் பிளக்கைப் பிடுங்கினார். என்ஜின் திக்கியது. பலகையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பிறகு அக்காவின் வண்டியில் பிடுங்கினார். அதே திக்கல். எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

இருட்டு.

ஆய்வாளர் தன் கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். துடைத்தால் எரியும் என்பது போல. இரண்டாம் தடவை துடைத்துவிட்டு, "பலகையைக் கழட்டுங்க" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் சார்" என்றார் பாலிஷ்காரர் உடனே. "முதல்ல வச்சிருந்தவன் செஞ்ச வேலை. நமக்கென்ன தெரியும்?"

மெக்கானிக் திருகுகளைக் கழற்றிப் பலகையை முன்னால் இழுத்தார். பின்னால் வயர்க் கொத்து. அதில் ஒரு வயரை அறுத்து இன்னொன்றோடு சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுத்தமான வேலை. ஒரு பிசிறில்லை. "இதோ" என்று அதை விரலால் தூக்கிக் காட்டினார்.

அக்கா குனிந்து பார்த்தார்.

டேப்பின் நுனி நகத்தளவு உள்பக்கமாக மடிந்திருந்தது.

குனிந்தவர் நிமிரவில்லை. வெயிலில் மயக்கம் என்று நினைத்து டீச்சர் தோளைப் பிடித்தார். அக்கா அந்த மடிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெதுவாக உரித்தார். வலிக்காமல் வந்தது. வார்டில் எத்தனையோ கைகளில் அவர் ஒட்டிய மடிப்பு. அன்றைக்கு டெய்லரின் கையில் இருந்த மடிப்பு.

அங்கே நின்ற மற்ற யாருக்கும் அது யாருடைய கைவேலை என்று தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

இந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வண்டியில்தான் கோளாறு என்பது நிரூபணமாகிவிட்டது. ஓட்டுநர் உரிமம் திரும்பக் கிடைத்துவிடும். வழக்கு போய்விடும். பழி பெயர் தெரியாத முதல் சொந்தக்காரன் தலையில் விழும். தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். பாலிஷ்காரர் அடுத்த எருமைக்குப் பாலிஷ் போடுவார்.

டெய்லரின் மனைவி கேட்டார்: "அப்போ உன் கால் இல்ல?"

"கால் இல்லம்மா" என்றார் அக்கா.

"வண்டியா?"

அக்கா தம்பி பக்கம் திரும்பினார். அவன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்தான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் பாலிஷ்காரரைப் பார்த்தான். பாலிஷ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"எல்லா வண்டிக்கும் செய்றதுதான்கா" என்றான் தம்பி. "அந்த விளக்கு சும்மா சும்மா எரியும். ஒண்ணுமில்லாததுக்கும் எரியும். விக்கறதுக்கு முன்னாடி தூங்க வச்சிடணும்னு முதலாளி சொல்வாரு. யார்டுல அதுக்குப் பேரே அதான், தூங்க வைக்கறது. உன் வண்டின்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். விளக்கு எரிஞ்சா நீ பயந்துபோய் நடுரோட்டுல நின்னுடுவேன்னு நினைச்சேன்."

"பயந்து நின்னிருப்பேன்" என்றார் அக்கா. "ஓரமா நின்னிருப்பேன். அவர் உயிரோட இருந்திருப்பாரு."

"மேட்டுல இழுக்கலன்னு நீ வந்தப்போ…"

"வந்தப்போ நீ பக்கத்துல நின்ன. விளக்கு எரியுதான்னு அவர் கேட்டாரு. இல்லன்னு நான் சொன்னேன். நீ ஃபில்டரை ஊதின."

அவன் கொலைகாரனில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவன். ஆனால் விளக்குதான் நோய், அதை அடக்கினால் குணம் என்று அவன் தொழில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்ற இரண்டு வார்த்தையில் அவன் புத்தியை அடகு வைத்திருந்தான். முதலாளி கையில் அழுக்கு இல்லை, வயரைத் தொட்டதில்லை. யார்டு மெக்கானிக் விளக்கை மட்டும் கேட்டார். ஆய்வாளர் விளக்கை மட்டும் பார்த்தார். ஆளுக்கு ஒரு துளி. அத்தனை துளியும் சேர்ந்து ஒரு மனிதர்மேல் லாரியாக வந்து மோதியது.

ஆய்வாளர் கேட்டார்: "எத்தனை வண்டிக்கு இப்படிச் செஞ்ச?"

"எண்ணினதில்ல சார்."

சரியான எண்ணிக்கை சொல்லியிருந்தால்கூட அவ்வளவு திகிலாக இருந்திருக்காது. வெளியே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வந்திருக்க வேண்டும். அதில் எது?

டெய்லரின் மனைவி தம்பியிடம் போனார். அறைவார் என்று நினைத்தார்கள். அவன் கைகளைப் பார்த்தார்.

"நீயும் கைவேலைக்காரன்தான். எங்க வீட்டுக்காரர் தச்சது பிரிஞ்சா மறுநாளே பிரிச்சுத் தச்சுக் கொடுப்பாரு. நீ பிரிச்சதை எப்படித் தச்சுக் கொடுப்ப?"

பிறகு அக்காவிடம் வந்து, "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுன்னேன். சொல்லிட்ட" என்றார். மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அக்காவின் ஓட்டுநர் உரிமம் திரும்ப வந்தது. கறுப்பு வண்டி சாட்சியாக அங்கேயே நிற்கிறது. கோழிப்பண்ணையம்மா ஆஸ்பத்திரி நாட்களில் தன் வண்டியைக் கொடுக்கிறார். இறகு வாசனை வருகிறது என்று டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே முன் இருக்கையில் ஏறுகிறார். கடைசி வரிசையில் யாரும் உட்காருவதில்லை. தம்பிமேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வெளியே வந்தவன், குழுவில் அந்த யார்டில் வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய்த் தன் முடிச்சுகளைத் தானே அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா அவனைக் கூட்டிப்போகிறார், கூட்டிவருகிறார். வழியில் வண்டி விஷயத்தைத் தவிர அவர்கள் எதுவும் பேசிக்கொள்வதில்லை. அவன் அவிழ்த்த பிறகு அநேகமாக எல்லா வண்டியிலும் ஆரஞ்சு விளக்கு உடனே எரிந்தது. அதைப் பார்த்துச் சிலர் அழுதார்கள்.

பாலிஷ்காரர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். தன் ஊழியன் தனக்குத் தெரியாமல் செய்ததாகப் புகார் கொடுத்தார். யார்டின் பெயர்ப் பலகை மாறியது. உள்ளே நின்ற வண்டிகள் மாறவில்லை. அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டி பழையதாக வாங்கியதா? உங்கள் பிள்ளையை அழைத்துப்போகும் பள்ளி வேன், உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வாடகை வண்டி பழையதா? விற்றவரிடம் போகாதீர்கள். அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வொர்க்ஷாப்புக்கு இந்த வாரமே போங்கள். என்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு என்ஜின் ஓடும்போது காற்றை அளக்கும் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, நீங்களே டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் சந்தோஷப்படுங்கள். எரியாவிட்டால் அந்த வண்டியில் இன்னொருவரை ஏற்றாதீர்கள். பலகையைக் கழற்றிப் படம் எடுங்கள். யார் விற்றார்கள் என்பதைச் சேர்த்து, போக்குவரத்து அலுவலகத்துக்கு உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள்.